தனிச் சீப்பு

எங்கள் அப்பா ஒரு சலூனுக்குள் நுழைவதைப் பார்த்தால் முடி வெட்டிக்கொள்ள வந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். லைசென்ஸ் சோதிக்க வந்த அதிகாரி என்றுதான் நினைப்பார்கள். வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து "வாங்க சார்" என்கிறாரா, இல்லை காலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா என்று கவனிப்பார். உட்கார்ந்ததும் கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணி துவைத்ததுதானா என்று மோந்து பார்ப்பார். எப்படி வெட்டணும் என்று கேட்காமல் கத்திரியை எடுத்தால் எழுந்துவிடுவார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தலையில் முதல் தடவை கை வைக்கும்போது அந்தக் கை தயங்கக் கூடாது. அதுதான் அவருக்குப் பெரிய பரீட்சை. கொஞ்சம் தயங்கினாலும் அடுத்த மாதம் வேறு கடை. இப்படியே விளாங்குடியிலிருந்து ஆரப்பாளையம் வரைக்கும் அவர் தலை காட்டாத சலூன் பாக்கியில்லை.

எல்லாப் பரீட்சையிலும் தேறிய கடை என்றால் வெட்டி முடித்ததும் எழுந்து, கை குலுக்கி, "தேங்க்யூ சார்" என்பார். முடி வெட்டுகிறவரை சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் அப்பாதான். பாதிப் பேர் கூச்சத்தில் நெளிவார்கள்.

இப்போது நான் போகிற பார்லர்களில் வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் செல்போனில் மெசேஜ் வந்துவிடுகிறது. எங்கள் சர்வீஸ் எப்படி, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். நான் ஒருநாளும் பதில் போட்டதில்லை. நல்ல சர்வீஸைக் கண்ணெதிரே பார்த்தும் அதற்கு நான் கொடுத்த மார்க் என்னவென்று எனக்குத்தானே தெரியும். அதைத்தான் சொல்லவேண்டும்.

அப்பாவின் பரீட்சைக்குக் காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். தாத்தா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி. ஊரில் இருந்த ஒரே சலூனில் எங்கள் தெரு ஆட்களை உட்காரவைக்க மாட்டார்கள். அப்பா பத்தாவது படிக்கும்போது, மறுநாள் வகுப்பு குரூப் போட்டோ என்பதற்காக, யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற தைரியத்தில் நடந்தே டவுனுக்குப் போய் ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டார். பாதி வெட்டியாகிவிட்டது. வாசலில் வந்து நின்ற ஊர்க்காரர் ஒருவர் உள்ளே எட்டிப்பார்த்து, "இவன் யாரு மகன்னு தெரியுமாய்யா?" என்று கடைக்காரரைக் கேட்டார். அவ்வளவுதான். கத்திரி நின்றுவிட்டது. "கண்ணாடியில பாத்தேன், அந்தாளு கையி நடுங்குச்சு. பாவம், எனக்கு வெட்டுனா மத்தவன் எவனும் அவருகிட்ட வர மாட்டான்ல" என்பார் அப்பா. அந்த ஆள் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு பக்கம் காடு மாதிரி முடி, ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பக்கத்து வீட்டு மாமா மிச்சத்தையும் மழித்து மொட்டையடித்துவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் அழகர்கோவில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டார்கள். குரூப் போட்டோவுக்கு அப்பா போகவில்லை.

பிறகு படித்து, பரீட்சை எழுதி, அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகி, விளாங்குடியில் வீடு கட்டினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான். "தாயி, உன்னைய எவனாச்சும் தனியா உக்கார வச்சாலோ, தனித் தட்டு, தனி டம்ளர் குடுத்தாலோ, பேசாம இருந்துறாத. மொத ஆளா அப்பாகிட்ட வந்து சொல்லு." நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெஞ்சு மாற்றி உட்காரச் சொன்னாலே எனக்கு அழுகை வந்துவிடும்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கச்சி, அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. பந்தல்காரர், சமையல்காரர், வீடியோக்காரர் எல்லாரையும் அம்மாவும் சித்தப்பாவும் பேசி முடித்தார்கள். பார்லரை மட்டும் அப்பா தன் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் முன்னறையை பார்லராக்கி ஒரு அக்கா நடத்திக்கொண்டிருந்தார். மூன்று நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னால் பூப்போட்ட திரை. நாங்கள் அவரைப் பார்லர் அக்கா என்போம். பெண்கள் பார்லருக்குள் ஆண்கள் போவதில்லை என்பதால் அப்பா வாசற்படியில் நின்றே இண்டர்வியூ செய்தார்.

"ஏம்மா, இங்க வாரவங்க எல்லாரையும் ஒரே மாதிரி பாப்பியளா?"

பார்லர் அக்காவுக்குக் கேள்வி புரிந்ததோ இல்லையோ, பதில் தயங்காமல் வந்தது. "எல்லாருக்கும் ஒரே சேரு, ஒரே சீப்பு தாண்ணே. உக்காந்தவுக எந்திரிக்கும்போது சந்தோசமா எந்திரிக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு."

அப்பா தேர்வு செய்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அத்தை ஃபேஷியலுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். முகத்தில் எதையோ அப்பிக்கொண்டு படுத்திருந்த அத்தை, அண்ணன் ஏன் வாசலில் நின்று அப்படிக் கேட்டார் என்று பார்லர் அக்காவிடம் அந்தப் பாதித் தலைக் கதையைச் சொன்னாள். மற்றவர்கள் இந்தக் கதைக்கு "ஐயோ பாவம்" என்பார்கள், இல்லை, சிரித்துவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பார்லர் அக்கா கையை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் திண்டுக்கல் ரோட்டில் இருந்த கல்யாண மகாலில் பெண் அழைப்பு. மத்தியானமே எங்களை பார்லருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா வரவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த சனத்துக்குச் சாப்பாடு போடவே அவளுக்குக் கை போதவில்லை. அத்தை, நான், கூடவே மாப்பிள்ளையின் அக்கா, அவருடைய மகள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி கொண்டை, ஒரே மாதிரி பூ என்று பேச்சு. நாங்கள் அதற்குள் சிநேகமாகிவிட்டோம்.

மாப்பிள்ளையின் அக்கா சுத்தக்காரி. நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தார். எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போதும் டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்தவர். "எங்க பிள்ளைக்குத் தலை ரொம்பச் சுத்தம் பாத்துக்கங்க. கண்ட சீப்பையும் போட்டு இழுத்துராதீங்க" என்றார். அவர் வாயில் ஒரு சங்கதி விழுந்தால் அது அன்று மாலையே அவர்கள் சனம் முழுக்கச் சுற்றிவிடும் என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் கொண்டை போட்டார்கள். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். பிறகு நான் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். பார்லர் அக்கா அதே சீப்பை எடுத்தார். என் ஜடையைப் பிரித்தார். உச்சி வகிட்டில் கை வைத்தார்.

கை நின்றுவிட்டது.

நான் அப்பாவின் மகள். அந்தப் பரீட்சை எனக்கு மனப்பாடம். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். குனிந்து என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரித்த முடியை மளமளவென்று திரும்பவும் முறுக்கிக் கட்டினார். சீப்பைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு முடி நல்ல அடர்த்திக்கா. உள்ள உக்கார வச்சு நிதானமாப் பண்ணிக் கூட்டியாரேன்" என்று மாப்பிள்ளையின் அக்காவிடம் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அங்கே நாற்காலி இல்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். மேலே பரணிலிருந்து ஒரு பையை இறக்கி அதிலிருந்து வேறு சீப்பு எடுத்தார். வேறு துண்டு எடுத்தார். டை அடிப்பதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கையுறையைக் கையில் மாட்டினார். சர்ரென்ற அந்தச் சத்தம் கேட்டதும் நான் மனதுக்குள் எண்ணிப்பார்த்தேன். தனி இடம், தனித் துண்டு, தனிச் சீப்பு. தொடுவதற்குக் கையுறை வேறு. அப்பா சொன்னதில் டம்ளர் ஒன்றுதான் பாக்கி.

"குனிஞ்சுக்க பாப்பா" என்றார். குனிந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கற்பூர வாசமடிக்கிற ஏதோ எண்ணெயைத் தேய்த்து, வாரினார், வாரினார், அப்படி வாரினார். எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரைமணி நேரம் ஆனது. என் கண்ணீர் மடியில் சொட்டியது. முன்னால் அந்தப் பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் நல்ல சிவப்பு, பிறந்ததிலிருந்து டவுனில் வளர்ந்தவள். என்னைப் பார்த்தால்தான் தெரிந்துவிடுகிறது போல என்று நினைத்தேன்.

கொண்டை போடவில்லை. இறுக்கிப் பின்னி, பின்னல் தெரியாத அளவுக்கு மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டார். முன்னால் இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் காதருகே குனிந்து சொன்னதுதான் என்னை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது.

"ரெண்டு நாளைக்கு அந்தப் பாப்பாகூட ஒட்டி உக்காராத, என்ன? பக்கத்துல படுக்காத. இத யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட மட்டும் நான் பேசிக்கிறேன்."

எனக்குப் போட்ட துண்டைச் சுருட்டி ஒரு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டதையும் பார்த்தேன். அதை இனி யாருக்கும் போடமாட்டார்கள் என்பது தெரிந்தது.

மகாலுக்குப் போனதும் என் திண்டாட்டம் ஆரம்பித்தது. சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அப்பா சும்மா இருக்கமாட்டார். பார்லர் அக்காவை நிறுத்திவிடுவார். மறுநாள் காலையில் அத்தைக்கு அலங்காரம் செய்ய ஆள் இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், சண்டை வரும், கல்யாணமே நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால் மொத ஆளாக வந்து சொல் என்ற அப்பாவுக்குத் துரோகம். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். யார் யாரோ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன்.

அந்தப் பெண் என்னைத் தேடித் தேடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன். அங்கேயும் வந்தாள். கை தட்டி விளையாடக் கூப்பிட்டாள். நான் பின்னால் நகர்ந்தேன். கடைசியில் அவள் முகம் சுருங்கிப்போய் அவள் அம்மாவிடம் ஏதோ சொல்ல, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பந்தியிலும் அவளுக்குப் பக்கத்து இலை எனக்கு. நான் இலையை விட்டு எழுந்து வரிசையின் கோடியில் போய் உட்கார்ந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப்போய், "என்ன தாயி, சம்பந்தி வீட்டுப் பிள்ளைகூட என்ன சண்ட?" என்று கேட்டார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. கை தயங்கியதிலிருந்து கேரி பேக் முடிச்சு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் முகத்தைத் துடைத்துவிட்டு, "போயிப் படு" என்றார். பந்திக்குத் திரும்பவில்லை. மகால் வாசலில் நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் பார்லர் அக்கா பெட்டியோடு வந்துவிட்டார். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். மணமகள் அறையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா நகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அவர் மகள் பவுடர் டப்பாவை மோந்துகொண்டிருந்தாள். வந்ததும் பார்லர் அக்கா என்னிடம், "அம்மா எங்க பாப்பா?" என்றுதான் கேட்டார். சீர்த்தட்டுக்களோடு கீழே இருக்கிறாள் என்றேன். வேலையை ஆரம்பித்தார். அத்தையின் தலையில் வலது பாதி வாரிக் கட்டியாகிவிட்டது. இடது பாதி விரிந்து தொங்கியது. அப்போது கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார்.

"சீப்பைக் கீழ வைம்மா."

பார்லர் அக்கா திரும்பினார்.

"எல்லாருக்கும் ஒரே சீப்புன்னு சொன்னியேம்மா, என் பிள்ளைக்கு எதுக்குத் தனிச் சீப்பு? எதுக்குத் தனித் துண்டு? கையில உறை மாட்டிக்கிட்டுத் தொடுற அளவுக்கு என் பிள்ளை தலையில என்ன ஒட்டியிருக்கு? சொல்லு! நாங்க என்ன இன்னமும் ஊருக்கு வெளியிலயா நிக்கிறோம்? இத்தன வருசம் கழிச்சு என் பிள்ளைக்குமா?" விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினார். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அத்தை அழ ஆரம்பித்தாள். மை கன்னத்தில் வழிந்தது. நான் கதவோரம் ஒண்டி நின்றேன். நான்தான் இதை ஆரம்பித்து வைத்தது, கல்யாணம் நின்றால் அதற்கும் நான்தான் காரணம்.

மாப்பிள்ளையின் அக்கா நகைப்பெட்டியை மூடிவைத்தார். பிறகு நிதானமாக, "இருங்கண்ணே. எங்க பிள்ளைக்கு முன்னாடி சேர்லதான வச்சுப் பண்ணுனாங்க? அதே சீப்பாலதான வாருனாங்க? நாம எல்லாம் ஒரே சனம்தான? உங்க பிள்ளைக்கு மட்டும் எதுக்குத் தனியா..." என்று இழுத்தார். இழுத்துக்கொண்டே மெல்லத் திரும்பி என் தலையைப் பார்த்தார். தன் மகளை ஒரு கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதாண்ணே" என்றார் பார்லர் அக்கா. சத்தமாக, சட்டென்று, அந்த அம்மாளின் பேச்சு முடிவதற்குள் சொன்னார். "நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சுக்கங்க."

மாப்பிள்ளையின் அக்காவின் பார்வை என் தலையை விட்டு அவர் பக்கம் திரும்பியது. "பாத்தியா, ஒத்துக்கிருச்சு! எங்கள என்னன்னு நெனச்ச நீ?" என்று அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். பார்லர் அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். சீப்பைப் பிடித்த கை மட்டும் லேசாக ஆடியது.

"வெளிய போம்மா" என்றார் அப்பா.

"போறேண்ணே. பொண்ணுக்குப் பாதித் தலைதான் முடிஞ்சிருக்கு. பாதியில விட்டுட்டு நான் போக மாட்டேன்."

அப்பா அத்தையின் தலையைப் பார்த்தார், ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் விரிந்து கிடந்த தலையை. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஒரு போலீஸ்காரர் போல உட்கார்ந்து அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்லர் அக்கா மை வழிந்த கன்னத்தைத் துடைத்து, திரும்ப எழுதி, ஜடை வைத்து, பூ வைத்து, நெற்றிச்சுட்டியை நேராக்கி, அத்தையின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, "சிரிங்க, போட்டோவுல விழுகணும்ல" என்றார். அத்தை சிரித்துவிட்டாள். அத்தை அவ்வளவு அழகாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெட்டியை மூடிக்கொண்டு பார்லர் அக்கா படியிறங்கினார். சாப்பிடவில்லை. அப்பா தேங்க்யூ சொல்லவில்லை. படியில் சீர்த்தட்டோடு ஏறி வந்துகொண்டிருந்த அம்மாவை ஓரமாக நிறுத்தி, அவள் காதில் என்னவோ சொன்னார். மேலே நின்று எட்டிப்பார்த்த எனக்கு அம்மாவின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்து அவர் முதுகை முறைத்தேன்.

தாலி கட்டி முடிந்து, பந்தி ஓய்ந்ததும் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மணமகள் அறையில் போட்டுக் கதவைத் தாழிட்டாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பூவைப் பிய்த்து எறிந்து, பின்னலைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் தலையை விலக்கிப் பார்த்தாள். ஒரு பேனை எடுத்து என் உள்ளங்கையில் போட்டாள். செத்துப்போயிருந்தது. பிறகு இன்னொன்று. காதோரமெல்லாம் ஈர்.

"ஒரு மாசமாக் கல்யாணம் கல்யாணம்னு அலைஞ்சேன். பெத்த பிள்ளை தலையப் பாக்கலையே நான்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "அத்தனையையும் சீவி எடுத்துருக்கு அந்தப் பிள்ள. ஒரு வார்த்த யாருக்கும் தெரியாம. அந்தப் பொம்பளைக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா பொண்ணெடுத்த வீடே பேன் பிடிச்ச வீடுன்னு உங்க அத்தைக்குக் காலத்துக்கும் பேச்சாகியிருக்கும்டி."

நான் விக்கி விக்கி, காலையில் நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லத்தான் எழுந்தாள். கதவைத் திறந்ததும் வராண்டாவில் அப்பாவின் குரல் கேட்டது. கிராமத்திலிருந்து வந்த பெரியப்பாக்கள் நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். "கேட்டுட்டேண்ணே. நேருக்கு நேரா கேட்டுட்டேன்ல. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் அவர் தோளைத் தட்டினார். அப்பா சின்னப் பையனைப் போலச் சிரித்தார். அம்மா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை, அப்பா ஆபீசுக்குப் போன பிறகு, அம்மா என்னைப் பார்லருக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எல்லாருக்கும் முன்னால் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளதான்" என்று சொல்லிவிடுவார் என்று பயம். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பார்லர் அக்கா எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, வா பாப்பா" என்று நடு நாற்காலியைக் காட்டினார். ஏறி உட்கார்ந்தேன். என் தலையில் கை வைத்து, காதோரம், பிடரி எல்லாம் விலக்கிப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த சீப்பை எடுத்து வார ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவரு அம்புட்டுப் பேச்சு பேசியிருக்காரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயை மூடியிருப்பாரேம்மா. இன்னைக்கே அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன். வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்" என்றாள்.

"வேணாங்க்கா" என்றார் பார்லர் அக்கா. வகிட்டை நேராக்கிக்கொண்டே, கண்ணாடியைப் பார்க்காமல், "அண்ணே என்னையவா திட்டுனாரு?" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்பது போல மெல்லத் தலையாட்டினாள்.

எனக்கு ஒரே குழப்பமாகிவிட்டது. கதவோரத்தில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அப்பா விரலை நீட்டியது பார்லர் அக்காவின் முகத்துக்கு நேரேதான். அவரைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டினார்? அங்கே இல்லாத அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? பெரியவர்கள் இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு, ஆடாமல் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன்.